ஸ்கேன்ல "மூளை லேசா சுருங்கியிருக்கு"ன்னு வந்திருக்கு, மாத்திரையாலயா?

கேள்வி, பிப்ரவரி 11

தம்பிக்கு 22 வயசு. போன ஆவணி வாக்குல ஆரம்பிச்சது. பக்கத்து வீட்டுக்காரங்க தன்னைப் பத்தியே பேசுறாங்க, போனை யாரோ ஒட்டுக் கேக்குறாங்கன்னு சொல்லிட்டு ராத்திரி பூரா தூங்க மாட்டான், சாப்பிட மாட்டான். மனநல டாக்டர்கிட்ட காட்டினோம். ரிஸ்பெரிடோன் கொடுத்தார். இப்ப பரவாயில்ல. ஆனா போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல "மைல்ட் செரிப்ரல் அட்ரோஃபி"ன்னு போட்டிருக்கு. இந்த மாத்திரைங்கதான் மூளையைச் சுருக்குது, அமெரிக்காவுலயே நிரூபிச்சிட்டாங்கன்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். அம்மா மாத்திரையை நிறுத்திடலாம்ங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

பிப்ரவரி 11, இரவு 10.40

மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். ரிஸ்பெரிடோனைத் திடீரென்று விட்டால் பழைய சந்தேகம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். குறைப்பதாக இருந்தாலும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான்.

நீங்கள் கேள்வியோடு போட்ட ரிப்போர்ட் போட்டோவில் தம்பி பெயர், வயசு, ஐ.டி. நம்பர் எல்லாம் தெரிகிறது. முதலில் அதை எடுங்கள். நாளைக்கு வேலை தேடப் போகிற பையன்.

பிப்ரவரி 12, காலை 6.15

நான் டாக்டர் இல்லை, எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுக்கிற டெக்னீஷியன். சித்தி மகனுக்கும் இதே வயசில் இதே நோய் வந்தது, அதனால் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாக மூளைக்கு எடுக்கும் படம் 5 மி.மீ. தடிமனில் துண்டு துண்டாக வரும். ரேடியாலஜிஸ்ட் அதைக் கண்ணால் பார்த்துதான் எழுதுகிறார். ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. "லேசான அட்ரோஃபி" என்பது அந்தக் கண்ணின் கணிப்பு. இன்னொருவர் அதே படத்தைப் பார்த்து "நார்மல்" என்று எழுதலாம். ஆராய்ச்சிக்கு எடுப்பது வேறு ரகம். 1 மி.மீ. அளவில் முழு மூளையையும் எடுத்து, சாப்ட்வேரில் போட்டு, நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அப்படி அளந்தாலும் முதல் முறை சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று நிஜத்தோடு பிடி விட்டுப்போகும் நிலை) வந்தவர்களிடம் தெரிகிற வித்தியாசம் சில சதவீதம்தான். கண்ணில் படுகிற அளவு இல்லை.

அப்படியானால் உங்கள் தம்பி படத்தில் என்ன தெரிந்தது? படத்தைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் நோயே இல்லாதவர்களிடமும் வென்ட்ரிக்கிள், அதாவது மூளைக்குள் நீர் நிற்கிற அறை, அளவு ஆளுக்கு ஆள் ஏகத்துக்கு மாறும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை என்று. பட்டினியிலும் நீர்ச்சத்துக் குறைந்தாலும் மூளையின் கன அளவு குறையும். சாப்பிட மறுத்து மெலிந்துபோகும் அனோரெக்ஸியா நோயாளிகளிடம் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது, எடை ஏற ஏறப் பெருமளவு திரும்பியும் வருகிறது. குடி, தூக்க மாத்திரை, பழைய தலைக்காயம் ஏதாவது உண்டா என்று டாக்டரே கேட்பார். அவரிடம் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் படம் பதிந்த சி.டி. தட்டையும் கொண்டுபோங்கள். நம்மூரில் பாதிப் பேர் சி.டி.யைப் பீரோவில் வைத்துவிட்டு அந்த ஒற்றைத் தாளோடு போகிறார்கள்.

பிப்ரவரி 12, மதியம்

சாப்பாட்டு நேரம், கொஞ்சம் பழைய கதை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா, சைக்கோசிஸ் வருகிற நோய்களில் முக்கியமானது) மூளையில் தெரிகிறதா என்று தேடுவது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. 1919-ல் வால்டர் டேண்டி ஒரு முறை கொண்டுவந்தார். முதுகுத்தண்டு வழியாக நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி, அது மூளைக்குள் போனதும் எக்ஸ்ரே எடுப்பது. தலைவலி உயிரே போகும். 1927-ல் யாக்கோபி, விங்க்லர் என்ற இரண்டு ஜெர்மன்காரர்கள் இதை மனச்சிதைவு நோயாளிகளுக்குச் செய்து, வென்ட்ரிக்கிள் பெரிதாக இருக்கிறது என்று எழுதினார்கள். 1976-ல் லண்டன் நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டன் குழு அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் (எக்ஸ்ரேயால் துண்டு துண்டாகப் படம் எடுப்பது, மேலே சொன்ன தட்டு இல்லை) அதையே காட்டியது. நோயாளிகள் 17 பேர், ஒப்பிட 8 பேர். இன்றைக்கு யாராவது இத்தனை பேரை வைத்து ஒரு கட்டுரை போட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த முடிவு நின்றது.

ஒரு விஷயம் கவனியுங்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் வருஷக்கணக்காக நோயில் இருந்தவர்களை. முதல் மாதத்தில் வருகிறவனுக்கு என்ன தெரிகிறது என்பது வேறு கேள்வி, அதற்கு ஆட்களைச் சேர்ப்பதே பெரும்பாடு.

பிப்ரவரி 13, இரவு

"அப்படின்னா ஆராய்ச்சியெல்லாம் சும்மாவா?" என்று மேலே ஒரு பொறியியல் தம்பி கேட்டிருக்கிறார். சும்மா இல்லை. 2016-ல் எனிக்மா என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு பல நாட்டு ஸ்கேன்களைச் சேர்த்தது. நோயாளிகள் 2,028 பேர், நோயில்லாதவர்கள் 2,540 பேர். நோயாளிகளின் சராசரியில் மூளையின் உட்பகுதிகளான ஹிப்போகேம்பஸ், தாலமஸ், அமிக்டலா சிறிது, வென்ட்ரிக்கிள் பெரிது. இருப்பதிலேயே பெரிய வித்தியாசம் ஹிப்போகேம்பஸில், எஃபெக்ட் சைஸ் (இரண்டு கூட்டத்தின் சராசரியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு) 0.46.

பொறியியல் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 0.46 என்றால் இரண்டு வளைவுகளும் ஏறக்குறைய 82 சதவீதம் ஒன்றன் மேல் ஒன்று விழும். நோயில்லாத 100 பேரை எடுத்தால் 50 பேர் அவர்கள் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். நோயாளிகள் 100 பேரில் 68 பேர் அதே கோட்டுக்குக் கீழே. இதை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற ஒரு பையனைப் பார்த்து "உனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை" என்று சொல்ல முடியுமா? கூட்டத்துக்கு உண்மை, ஆளுக்குப் பயன்படாது. இந்த இழையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான், ஆனால் என்னால் சுருக்கமாக நிறுத்த முடிந்ததில்லை.

பிப்ரவரி 13, இரவு, பின்குறிப்பு

ஆமாம், என் ஹிப்போகேம்பஸையும் அளந்து பார்த்தேன். மெஷின் சும்மா இருந்த நாளில். சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 15

சரி, மாத்திரை. யூடியூப்காரர் ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை, பாதிக் கதையை எடுத்துக்கொண்டார். அந்தப் பாதி இது.

2005-ல் பிட்ஸ்பர்க்கில் குரங்குகளுக்கு ஹேலோபெரிடால் அல்லது ஓலான்சபைன் என்ற மனச்சிதைவு மருந்தை 17 முதல் 27 மாதம் வரை கொடுத்தார்கள். மனிதர்களிடம் இருக்கும் அளவுக்கு ரத்தத்தில் மருந்து இருந்தது. கடைசியில் மூளை 8 முதல் 11 சதவீதம் வரை குறைந்திருந்தது. இந்தக் குரங்குகளுக்கு நோயே கிடையாது என்பதை மறக்க வேண்டாம், அதனால் பழி மருந்து மேல்தான். பிறகு அதே மூளைகளில் ஒரு பகுதியை எடுத்து எண்ணிப் பார்த்தபோது குறைந்திருந்தது பெரும்பாலும் கிளையல் செல்கள், அதாவது நியூரானைச் சுற்றி இருக்கிற துணை செல்கள். நியூரான்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கவில்லை.

2011-ல் அயோவாவில் ஹோ, ஆண்ட்ரியாசன் குழு 211 பேரை முதல் எபிசோடிலிருந்து, அதாவது நோய் முதல் முறை வெளிப்பட்டதிலிருந்து, சராசரி 7 வருஷத்துக்கு மேல் தொடர்ந்தது, மொத்தம் 674 ஸ்கேன். அதிக மருந்து எடுத்தவர்களுக்கு கிரே மேட்டர் (மூளையில் நியூரான் செல்கள் குவிந்திருக்கும் சாம்பல் நிறப் பகுதி) குறைவு அதிகம். இதுதான் அந்த "அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்". நோய் கடுமையாக இருப்பவருக்குத்தான் டோஸும் கூடும் என்பதால் எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். கணக்கில் அதைச் சரிக்கட்டிப் பார்த்தார்கள், மருந்தின் தொடர்பு அப்போதும் மிஞ்சியது. நேர்மையாகச் சொன்னால் இதைத் தள்ளிவிட முடியாது.

யூடியூப்காரர் விட்ட பாதி: அதே ஆண்ட்ரியாசன் 2013-ல் இன்னொரு கட்டுரை போட்டார். நோய் திரும்ப வந்து எத்தனை காலம் நீடித்தது என்பதோடும் மூளைக் குறைவு சேர்ந்து போகிறது. எனவே மாத்திரையை விட்டால் மூளை தப்பித்தது என்றில்லை.

இன்னொன்று மெல்போர்னில் நடந்தது, 2021-ல் வெளிவந்தது. ஒரு மாத்திரைகூடப் போடாத முதல் எபிசோட்காரர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ரிஸ்பெரிடோன் வகை மருந்து, இன்னொரு பக்கம் வெறும் மாவு மாத்திரை. இரு பக்கமும் தீவிரமான மனநல ஆதரவு உண்டு. ஆபத்துக் குறைந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள், கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள், வீட்டில் செய்து பார்க்கிற காரியம் இல்லை. முதல் 3 மாதத்தில் பாலிடம் என்ற பகுதி மாவு மாத்திரைக்காரர்களிடம் குறைந்தது, மருந்து எடுத்தவர்களிடம் குறையவில்லை. ஆகவே ஆரம்பக் காலத்தில் நோயே ஏதோ செய்கிறது, மருந்து அதைத் தடுக்கவும் கூடும். ஆனால் சிறிய ஆய்வு, குறுகிய காலம், ஒரு சிறு பகுதி.

குரங்கையும் மெல்போர்னையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது: தேவைக்கு மேல் டோஸ், தேவைக்கு மேல் வருஷம் வேண்டாம். தேவை இருக்கும்போது நிறுத்தவும் வேண்டாம். "குறைந்தபட்சம் எவ்வளவில் இவனுக்கு நிற்கும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு அக்கா "உங்க சித்தி பையனுக்கு என்ன ஆச்சு" என்று கேட்டார்கள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

அவனுக்கு வந்தது உங்களுக்கு நேரெதிர். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. படம் எடுத்தவனே நான்தான். மெஷினுக்குள் படுக்க வைத்து, தலைக்கு மேல் காயிலை (சிக்னல் பிடிக்கும் கூண்டை) மூடி, அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தபோது, "அண்ணே, இதுல பேசுறது வெளிய கேக்குமா?" என்றான். கேட்காதுடா என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த "கேக்குமா" எந்தக் குரலைப் பற்றி என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ரிப்போர்ட்டில் கடைசி வரி: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பெரியப்பா அந்த வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினார். "மெஷினே சொல்லிடுச்சு, மூளையில ஒண்ணுமில்ல. அப்புறம் எதுக்கு மூளை மாத்திரை?" ஒரு மண்டலம் கோயிலில் தங்க வைத்தால் போதும் என்று முடிவானது. நான் சொன்னது எடுபடவில்லை. படம் பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்றார்கள். தை மாதத்தில் விட்ட மாத்திரை, வைகாசியில் அவன் சட்டையில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றான். தினமும் பால் வாங்கும் கடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்று மருந்தோடு நன்றாக இருக்கிறான். மொபைல் கடையில் டிஸ்ப்ளே மாற்றுகிறான், என்னுடையதையும் அவன்தான் மாற்றிக் கொடுத்தான், காசு வாங்கிக்கொண்டு. பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அந்தத் தாளில் இருந்ததை அவர் நம்பினார், அவ்வளவுதான். கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம் எதுவும் இல்லை என்பதுதான் அந்த வரியின் பொருள் என்று யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

"என் பெரிய மகனுக்கு இருக்கு, சின்னவனுக்கு முன்னெச்சரிக்கையா ஸ்கேன் எடுத்துடலாமா?" வேண்டாம்மா. உடன்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு சுமார் 10-ல் 1. மற்ற 9 பேருக்கு வராது. அதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது.

முன்னாலேயே தெரியுமா என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரி ஆரம்பித்த ஆரம்ப சைக்கோசிஸ் மையத்தில், ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட 75 பேருக்கு நோய் வருவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்தார்கள். பேன்டெலிஸ் குழுவின் கட்டுரை, 2003. பிறகு 23 பேருக்கு நோய் வந்தது. மறுபடி எடுத்தபோது, நோய் வந்தவர்களிடம் நெற்றிப் பகுதியின் அடிப்பக்கத்திலும் சிங்குலேட் என்ற நடுப்பகுதியிலும் பக்கப் பகுதிகளிலும் கிரே மேட்டர் குறைந்திருந்தது. ஆக, மாற்றத்தில் ஒரு பங்கு நோய் வெளியே தெரியும் அந்த வேளையிலேயே நடக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: "ஆபத்து அதிகம்" என்று பொறுக்கி எடுத்தவர்களிலேயே 52 பேருக்கு அந்தக் காலத்துக்குள் வரவில்லை.

ஏன் 18-லிருந்து 25-க்குள் என்று கேட்டால், அந்த வயசில் எல்லோருக்குமே மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, மெலிகிறது. தேவையில்லாத சினாப்ஸ்களை, அதாவது நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளை, மூளை களை பறிப்பது போலப் பறித்துப் போடுகிறது. சிலருக்கு இது அளவு மீறுகிறதோ என்று 1982-ல் ஃபைன்பெர்க் சொன்னார். ரொம்ப நாள் அது வெறும் யோசனை. 2016-ல் ஹார்வர்டில் மெக்கரோல் குழு, சி4 என்ற நோய் எதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் இருப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்துக் கொஞ்சம் கூடுதல் என்றும், எலியில் அதே மரபணு சினாப்ஸ் பறிப்பில் பங்கெடுக்கிறது என்றும் காட்டியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் "கொஞ்சம் கூடுதல்" என்பதைத் தடித்த எழுத்தில் படிக்கவும்.

சின்னவனுக்குச் செய்ய வேண்டியது: கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெளிவாக ஆபத்தைக் கூட்டுகிறது. ஸ்கேன் காசு மிச்சம்.

பிப்ரவரி 20, இரவு ஷிப்ட்

அசைவு பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். மெஷினுக்குள் தலை ஒரு மி.மீ. ஆடினாலும் படம் மங்கும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியாத அளவு ஆட்டம்கூட, சாப்ட்வேரில் போட்டால் கிரே மேட்டரைக் குறைத்துக் காட்டும். 2015-ல் ராய்டர் குழு ஆட்களை வேண்டுமென்றே தலையாட்டச் சொல்லி இதை அளந்து காட்டியது. பயந்துபோன பையன் அசையாமல் படுப்பானா? ஆக "நோயாளிகளின் மூளை சிறிது" என்பதில் ஒரு துளி, நோயாளிகள் அதிகம் அசைகிறார்கள் என்பதாகவும் இருக்கலாம். நல்ல ஆய்வுகள் இதைக் கழித்துப் பார்க்கின்றன, அதன் பிறகும் வித்தியாசம் மிஞ்சுகிறது.

இந்த நோயோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். இடுப்பிலும் கையிலும் தாயத்து. ஒன்றிரண்டு இல்லை. உள்ளே தகடு என்னவென்று தெரியாது, இரும்பாக இருந்தால் காந்தம் இழுக்கும், கழற்றியே ஆக வேண்டும். அம்மா கையைப் பிடித்துக்கொள்வார்கள், "கழட்டினா திரும்பிரும் சார்". நான் ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து அவர்கள் முந்தானையிலேயே முடிந்துகொள்ளச் சொல்வேன். படம் முடிந்ததும் அங்கேயே கட்டிவிடலாம். இதில் வாதாடி ஜெயித்து எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. தாயத்து கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பையனும் அசையாமல் படுக்கிறான்.

பிப்ரவரி 24

"சிகிச்சை தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் மூளை எரிகிறது" என்று ஒருவர் போட்டிருக்கிறார். நல்ல எண்ணம், ஆனால் அந்த வேகத்தில் சொல்லாதீர்கள். சிகிச்சையில்லாத காலத்துக்கும் மூளை அளவுக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலதில் இருக்கிறது, பலதில் இல்லை. ஏற்கனவே தாமதமான குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடும்.

சீக்கிரம் போக மூளை அளவு தேவையே இல்லை, வேறு காரணம் கெட்டியாக இருக்கிறது. நார்வேயில் ரோகலாண்ட் பகுதியில் பேப்பரிலும் பள்ளியிலும் விளம்பரம் செய்து, ஆளைப் பார்க்க நடமாடும் குழு வைத்தார்கள். நோய் தொடங்கி மருத்துவம் கிடைக்கும் வரையான இடைவெளி, மற்ற பகுதியில் 16 வாரம், இங்கே 5 வாரம். 10 வருஷம் கழித்துத் தேறியவர்கள் இங்கே சுமார் 31 சதவீதம், அங்கே 15.

நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. 1981-ல் தொடங்கி சென்னையில் முதல் எபிசோட் நோயாளிகள் 90 பேரைச் சேர்த்து, டாக்டர் தாராவும் மற்றவர்களும் 10 வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். குரல், சந்தேகம் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. பிறகு சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியால் குழுவும் சேர்ந்து ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டதில், ஒதுங்கிப்போதல், ஆர்வமின்மை போன்றவை சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. குடும்பம் கூட வருவது ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது. நம் குடும்பங்களின் லட்சணம் எனக்குத் தெரியும், பெரியப்பா கதையே போதும். ஆனாலும் அதே சித்திதான் ஒவ்வொரு மாதமும் விடியற்காலை பஸ் ஏறி அவனைக் கூட்டிப்போனார்.

மார்ச் 2

"ஸ்கேன் பயன்படாதுன்னா ஏன் எடுக்கச் சொல்றாங்க?" வேறு எதுவும் இல்லை என்று பார்க்கத்தான். கட்டி, பழைய பக்கவாதம், மூளைக்காய்ச்சல், இன்னும் சில. அபூர்வமாக, உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய் முதலில் சைக்கோசிஸ் மாதிரியே வரும்; 2007-ல் டால்மாவ் குழு கண்டுபிடித்துப் பெயர் வைத்த ஆன்டி-என்.எம்.டி.ஏ. மூளையழற்சி ஒன்று. அதில்கூட எம்.ஆர்.ஐ. பல பேருக்கு நார்மலாகத்தான் வரும், முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால்தான் பிடிபடும். சில நாட்களில் வேகமாக மோசமாவது, வலிப்பு, காய்ச்சல், வாய் தானாகக் கோணுவது, பேச்சு நின்றுபோவது, இதெல்லாம் இருந்தால் காத்திருக்காமல் நியூராலஜி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ், தமிழில் பேசலாம்.

மார்ச் 9

கேள்வி போட்டவர் எழுதியிருக்கிறார்: டாக்டர் சி.டி.யை வேறு ரேடியாலஜிஸ்டிடம் காட்டினாராம், "வயசுக்கு ஏற்ற அளவுதான்" என்று வந்ததாம். சந்தோஷம். ஆனால் அம்மா உடனே "அப்போ ஒண்ணுமில்லைல்ல, மாத்திரையை நிறுத்திடலாம்ல" என்றார்களாம். பார்த்தீர்களா! சுருங்கியிருந்தாலும் நிறுத்தணும், சுருங்கவில்லையென்றாலும் நிறுத்தணும். பிப்ரவரி 16 குறிப்பை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். பெரியப்பா பகுதியைச் சத்தமாக.

டோஸ் 4 மி.கி.யிலிருந்து 3 ஆகக் குறைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். கை நடுக்கமும் எச்சிலும் குறைகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை டாக்டருக்கு அதுதான் ரிப்போர்ட்.

மார்ச் 10

பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் மூளை ஸ்கேன் எடுக்கலாமா என்று புதிதாக ஒருவர். எடுக்கலாம். ஆனால் ஸ்டீல் கம்பி என்றால் முகத்தைச் சுற்றிப் படம் கறுத்து வளையும், சில சமயம் நெற்றியடிப் பகுதி வரை போகும். டெக்னீஷியனிடம் முன்னாலேயே சொல்லுங்கள். உள்ளே படுத்த பிறகு சொல்லாதீர்கள், நாங்கள் காயிலைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.